நாறும் காதுகளுக்காக ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

முதலில் தலைப்புக்காக மன்னியுங்கள். அரசுக்கு எழுதும் மடலில் ‘நாறும்’ என்ற சொல் வரக்கூடாது என்பது தெரியும். 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டை மருத்துவனாக இருந்து, துறைக்கு எத்தனையோ மடல் எழுதி ஓய்வு பெற்றவன் நான். அந்த மடல்களில் எல்லாம் ‘நாட்பட்ட நடுக்காது அழற்சி’ என்று நாகரிகமாகத்தான் எழுதினேன். ஒரு பயனும் இல்லை. அதனால் இந்த முறை மூக்கில் பட்டதை அப்படியே எழுதுகிறேன்.

ஓ.பி. வரிசையில் அந்தப் பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சீட்டைப் பார்க்க வேண்டியதில்லை. அவனுக்கு முன்னாலும் பின்னாலும் மட்டும் வரிசையில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருக்கும். காதில் பஞ்சு அடைத்திருப்பான். பஞ்சு மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்கும். உள்ளே வந்ததும் அம்மா சொல்லும் வாக்கியம் 31 ஆண்டுகளாக மாறவில்லை: “காது ஒழுவுது சார்.”

எத்தனை நாளாக என்று கேட்டால், நாளில் பதில் வராது. “சின்னதுலேந்தே” என்பார்கள்.

நீங்கள் நிர்வாகி, மருத்துவர் அல்ல. கோப்பில் இந்த நோய் உங்களிடம் வந்தாலும் ஒரு வரியாகத்தான் வந்திருக்கும். ஆகவே காதின் உள்ளே கொஞ்சம் அழைத்துப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் செவிப்பறை என்று எழுதுவதை ஊரில் ‘காது ஜவ்வு’ என்பார்கள். ஜவ்வு நல்ல சொல்தான். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம். அதற்குப் பின்னால் பட்டாணி அளவுக்கு ஒரு காற்றறை. அதில் மூன்று குட்டி எலும்புகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. கடைசி எலும்பின் நீளம் 3 மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே சிறியது. ஜவ்வும் இந்த எலும்புகளும் சேர்ந்து, வெளியிலிருந்து வரும் ஒலியின் அழுத்தத்தை ஏறக்குறைய 22 மடங்கு கூட்டி உட்காதிடம் ஒப்படைக்கின்றன. ஜவ்வில் ஓட்டை விழுந்தால், எலும்பு அரித்துப்போனால், அந்தப் பெருக்கம் போய்விடும். நரம்பு நன்றாகவே இருக்கும், ஆனால் அதற்குச் சேதி வந்து சேராது.

அந்த அறைக்கு ஒரு கொல்லைவாசல் உண்டு. மூக்கின் பின்புறத்திலிருந்து வரும் ஒரு குழாய். பெரியவர்களுக்கு அது சரிவாக இருக்கும். கைக்குழந்தைக்குக் குட்டையாக, ஏறக்குறையப் படுக்கைவாட்டில் இருக்கும். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துச் சங்கில் பால் புகட்டும்போது அது புரையேறி இருமுகிறதே, அந்தப் பாலும் சளியும் அந்தக் கொல்லைவாசல் வரைக்கும் போகும். சளி பிடித்த இரண்டாம் நாள் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும், அறையில் சீழ் கட்டும். இரவு முழுக்கக் குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு கத்தும். விடியற்காலையில் தலையணையில் ஈரம். குழந்தை சிரிக்கும். “பழுத்து ஒடஞ்சிடுச்சு, இனி சரியாப் போயிடும்” என்பார் பாட்டி.

இங்கேதான் கவனிக்க வேண்டும். பாட்டி சொல்வது பெரும்பாலும் பலித்துவிடும். கிழிந்த ஜவ்வு தானாகவே மூடிக்கொள்ளும் திறம் உள்ளது. பலிக்காத பிள்ளைகள்தான் என் ஓ.பி.யில் அந்த இடைவெளியோடு நிற்கிறவர்கள். ஒவ்வொரு சளிக்கும், ஒவ்வொரு கிணற்றுக் குளியலுக்கும் அந்தக் காது மறுபடி ஒழுகும். ஒழுகும் காது வலிக்காது. பல்வலிக்காரர் நடுராத்திரியில் கதவைத் தட்டுவார், காது ஒழுகுகிறவர் பத்து வருடம் கழித்து வருவார்.

இதில் எங்கள் மக்களின் கைவைத்தியமும் சேர்ந்துகொள்ளும். காய்ச்சிய தேங்காய் எண்ணெய், பூண்டு எண்ணெய், துளசிச் சாறு, தாய்ப்பால் என்று நான் உறிஞ்சி எடுக்காதது இல்லை. சுத்தம் செய்ய ஊக்கு, கோழி இறகு, தீக்குச்சி. மருந்துக்கடைக்குப் போனால் நுரைத்துப் பொங்கும் ஒரு சொட்டு மருந்து கிடைக்கும். பொங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று நம்பிக்கை. ஒரு பாட்டி என்னிடமே சொன்னார்: “நீ குடுத்த மருந்து பொங்கவே இல்ல தம்பி.” தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் நானும் ஓர் இடம் கொடுத்திருக்கிறேன். குளிக்கும்போது பஞ்சை அதில் நனைத்துக் காதின் வாசலில் வைத்தால் தண்ணீர் உள்ளே போகாது. வாசலில் மட்டும்.

2004இல் உலக சுகாதார நிறுவனம் இந்த நோயைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. உலகில் 6.5 கோடி முதல் 33 கோடிப் பேர் வரை ஒழுகும் காதோடு இருக்கலாம், அவர்களில் 100க்கு 60 பேருக்குக் கேட்கும் திறன் கணிசமாகக் குறைந்திருக்கிறது என்றது. 100 பேரில் 4 பேருக்கு மேல் இருந்தால் உடனடியாகக் கவனிக்க வேண்டிய பொது சுகாதாரச் சிக்கல் என்று வரையறுத்தது. இந்தியாவை அந்த வரிசையில்தான் வைத்தது. 2007இல் காது கேளாமையைத் தடுக்கத் தேசியத் திட்டமும் வந்தது. 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. சிறார் நலத் திட்டத்தின் நோய்ப் பட்டியலில் நடுக்காது அழற்சியும் இருக்கிறது. தாளில் எல்லாம் இருக்கிறது, ஐயா. தாளைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை.

கண்ணுக்குத் தெரியாமல் போகும் ஒரு பிள்ளையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கணக்கைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர். 60 முதல் 70 வரை என்றால் செவித்திறன் குறைந்தவர். அதற்குக் கீழே சட்டத்துக்கு யாரும் இல்லை. சீழ்க் காதுப் பிள்ளைகளின் ஆடியோகிராமை, அதாவது கேட்கும் திறனை அளந்த தாளை, எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் 35, 40, 50. நீங்களும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் பேச்சு 60 டெசிபல் சுமாருக்கு இருக்கும். 45 டெசிபல் இழந்த பிள்ளைக்கு அது கிசுகிசுப்பு. ஐம்பது பேர் உள்ள வகுப்பில், மின்விசிறி கடகடக்கும் அறையில், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசும் ஆசிரியரின் குரலில் ‘ச’வும் ‘த’வும் ‘ப’வும் அவனுக்கு வருவதே இல்லை.

பிறவியிலேயே முழுக்கக் கேட்காத குழந்தைக்கு நம் அரசு பல லட்சம் ரூபாய் பெறும், உட்காதில் வைக்கும் காக்ளியர் கருவியைக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகப் பொருத்துகிறது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதனால் பேசுகிறார்கள். நானே அனுப்பி வைத்த குழந்தைகள் ஆறு மாதம் கழித்து வந்து “டாக்டர் மாமா” என்று கூப்பிட்டபோது கண் கலங்கியவன்தான். அந்தத் திட்டத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் முழுக்கக் கேட்காத பிள்ளைக்குக் கருவி, 60 டெசிபலைத் தாண்டியவனுக்குச் சான்றிதழும் உதவித்தொகையும் என்றால், 45இல் நிற்கிறவனுக்கு என்ன? அவனுக்குக் கேட்கிறது என்று அரசு சொல்கிறது. கேட்கவில்லை என்று அவன் சொல்வதில்லை. அவனுக்குத் தெரியாது. எல்லாருக்கும் உலகம் இந்த அளவுக்குத்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

என் தப்பையும் எழுதிவிடுகிறேன்.

சவ்வாது மலையிலிருந்து ஒரு பையன். முதலில் வந்தபோது ஏழு வயது. இரண்டு காதும் ஒழுகியது. சொட்டு மருந்து எழுதினேன், “தண்ணி படாம பாத்துக்கோ” என்றேன். மழைக்காலத்தில் மறுபடி வந்தான். அதே மருந்து, அதே வாக்கியம். ஜவ்வு ஒட்டும் அறுவை சிகிச்சைக்கு “பெரியவனாகட்டும், பார்க்கலாம்” என்றேன். சின்ன வயதில் ஒட்டினால் சளியால் மறுபடி ஓட்டை விழலாம், எட்டு பத்து வயது வரை பொறுக்கலாம் என்று ஒரு கருத்து எங்களிடையே உண்டு. தப்பான கருத்து அல்ல. ஆனால் பொறுத்துக்கொள்வதற்கும் மறந்துவிடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆறு வருடம் அவன் மலை இறங்கி, இரண்டு பேருந்து மாறி வந்து, அரை நிமிடம் என் முன்னால் நின்று, அதே சீட்டை வாங்கிக்கொண்டு போனான். அந்த ஆறு வருடத்தில் ஒரு முறையும் நான் ஆடியோகிராம் எடுக்கவில்லை. கருவி பழுதாகிக் கிடந்தது என்பது உண்மை. அதைச் சரிசெய்யச் சொல்லி எத்தனை முறை சண்டை போட்டேன் என்று கேட்டால், என்னிடம் நல்ல பதில் இல்லை.

பதின்மூன்றாம் வயதில் அவன் வரவில்லை, அப்பா மட்டும் வேறு வேலையாக வந்தார். பையன் எங்கே என்றேன். காப்பித் தோட்ட வேலைக்குக் கர்நாடகா போய்விட்டான் என்றார். படிப்பு? “வாத்தியாரு கூப்ட்டு சொல்லிட்டாரு சார். எவ்ளோ சொன்னாலும் காதுலயே வாங்க மாட்டேங்கறான்னு.”

அந்த ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

இனி இந்த நோயின் இன்னொரு முகம். எங்கள் மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது: நிறையச் சீழ் வடிந்து, நாற்றம் இல்லாவிட்டால் பயப்படாதே. கொஞ்சமாக வந்து, அழுகின நாற்றம் அடித்தால் பயப்படு. கேட்பவர்களுக்குத் தலைகீழாகப் படும். குடம் குடமாக ஒழுகும் காதில் ஜவ்வின் நடுவில் ஓட்டை, அவ்வளவுதான். பஞ்சில் பொட்டு அளவுக்கு வந்து நாறும் காதில், ஜவ்வின் மேல் ஓரத்தில் ஒரு பை உருவாகி, தோல் உள்ளே போய்க் குடியேறியிருக்கும். கொலஸ்டியட்டோமா என்று பெயர். புற்றுநோய் அல்ல. இடம் மாறி வளர்கிற சாதாரணத் தோல்தான். வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக வெள்ளையாகச் சேர்ந்துகொண்டே போகும், போகிற வழியில் எலும்பைக் கரைக்கும். முதலில் அந்தக் குட்டி எலும்புகள். பிறகு முகத்தை அசைக்கும் நரம்பு ஓடும் மெல்லிய எலும்புக் குழாய். பிறகு தலைசுற்றாமல் நம்மை நிறுத்தும் உட்காது. அறையின் கூரை எலும்பையும் கரைத்துவிட்டால் அதற்கு மேலே மூளை.

பதினான்கு வயதுப் பெண், ஒன்பதாம் வகுப்பு. ஒரு காலையில் முகம் கழுவும்போது வாயிலிருந்து தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியிருக்கிறது. கண் மூடவில்லை. வாதம் என்று சொல்லி எங்கேயோ பச்சிலை வைத்துக் கட்டி, பத்து நாள் கழித்து அழைத்து வந்தார்கள். காதைப் பார்க்க வேண்டும் என்றேன். அம்மாவுக்குக் கோபம்.

“காது ஒழுவுறது சின்னப் புள்ளையிலேந்து இருக்கு சார். அதுக்கு வரல நாங்க. வாயி கோணிக்கிச்சு, அதுக்குத்தான் வந்தோம். நாளைக்கு இதை யாரு கட்டுவான்?”

எட்டு வருடம் அந்தக் காது கேட்காமல் இருந்தது, நாறியது. வகுப்பில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அதற்கெல்லாம் வீடு பழகிக்கொண்டது. வாய் கோணிய அன்றைக்குத்தான் அது நோயானது.

காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு நன்றாக இருந்தால் தேன்கூடு மாதிரி காற்றறைகளோடு இருக்கும். அவளுக்கு அங்கே ஒரு பெரிய பள்ளம்தான் மிஞ்சியிருந்தது, பள்ளம் நிறைய அந்த வெள்ளைச் சருகு. மைக்ரோஸ்கோப்பின் கீழ் நான்கு மணி நேரம் டிரில் வைத்துச் சுத்தம் செய்து, நரம்பை அழுத்திக்கொண்டிருந்ததை எடுத்தோம். முகம் எட்டு மாதத்தில் பெருமளவு திரும்பியது. சிரித்தால் மட்டும் இன்னும் லேசாகத் தெரியும். அந்தக் காதின் கேட்கும் திறன் திரும்பவில்லை. எலும்புகள் ஒன்றுகூட மிச்சமில்லை, உட்காதும் போயிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பள்ளத்தைச் சுத்தம் செய்ய அவள் ஆயுள் முழுக்க வர வேண்டும். கல்யாணம் ஆகி வேறு மாவட்டம் போன பிறகும் வருகிறாள், கைக்குழந்தையோடு. குழந்தையைச் சங்கில் புகட்டாமல் நிமிர்த்தி வைத்துப் புகட்டுகிறாள் என்று கவனித்தேன்.

இவளாவது முகத்தோடு தப்பினாள். தலைவலி, காய்ச்சல், வாந்தி என்று மயக்க நிலையில் வந்து, மூளையில் சீழ்க் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்து, நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பிய பிள்ளைகளும் உண்டு. எல்லோரும் திரும்பி வரவில்லை. அதை விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை.

செயலாளர் அவர்களே, இதற்கு மருத்துவம் கண்டுபிடிக்கப்படாமல் இருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அறுவை சிகிச்சையில் மைக்ரோஸ்கோப்பைப் பயன்படுத்தும் வழக்கமே காதில்தான் தொடங்கியது. 1921இல் ஸ்வீடனில் நீலேன் என்ற காது மருத்துவர் செய்தார். கண் மருத்துவர்களும் நரம்பியல்காரர்களும் பிறகுதான் வந்தார்கள். (எங்கள் துறைக்காரர்கள் பெருமை பேசக் கிடைக்கும் ஒரே இடம் இது, விட்டுவிடுங்கள்.) 1950களின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் வுல்ஸ்டைனும் ஸோல்னரும் ஜவ்வையும் எலும்புகளையும் சீரமைக்கும் முறையை வகுத்துவிட்டார்கள். இன்று நாங்கள் செய்வது எளிமையானது. காதுக்கு மேலே தலைத்தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் ஒரு துண்டு எடுத்து, அதைக் காயவைத்தால் எண்ணெய்த்தாள் மாதிரி ஆகும். ஓட்டைக்கு அடியில் அதை விரித்து வைத்தால் ஜவ்வு அதன் மேல் வளர்ந்துவிடும். பொருள் நோயாளியின் உடம்பிலேயே இருக்கிறது. பத்துப் பேருக்குச் செய்தால் எட்டு ஒன்பது பேருக்கு ஒட்டிக்கொள்ளும். பெரியவர்களுக்கு ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, பேசிக்கொண்டே செய்யலாம். செய்துகொண்டிருக்கும்போதே மேசையில் படுத்தபடி “சார், ஃபேன் சத்தம் கேக்குது” என்று சொன்னவர்கள் உண்டு.

அறுவை சிகிச்சைக்கும் முன்னால், ஒழுகும் காதை உலர வைப்பது இதைவிட எளிது. சுத்தமான பருத்தித் துணியையோ பஞ்சையோ திரியாக முறுக்கி, காதில் வைத்து, நனைந்ததும் எடுத்து, மறுபடி புதுத் திரி. உலரும் வரை. பிறகு சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்து நாலைந்து துளி விட்டு, காது வாசலுக்கு முன்னால் உள்ள குருத்தெலும்பு மேட்டை நாலு தடவை அமுக்கிவிட வேண்டும். மருந்து உள்ளே இறங்கும். இரண்டு வாரம். வாய்வழி மாத்திரையை விட இது நன்றாக வேலை செய்கிறது என்பது நிறுவப்பட்ட விஷயம். உங்கள் செவிலியர்களுக்குத் தரும் ஐ.எம்.என்.சி.ஐ. குழந்தை நோய்ப் பயிற்சியிலேயே இது இருக்கிறது. திரி வைத்துக் காட்டச் சொல்லி நான் கேட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில், செய்து காட்டிய செவிலியர்கள் மிகக் குறைவு. தேர்வில் எழுதியிருக்கிறார்கள். கையால் யாரும் செய்ய வைக்கவில்லை.

அங்கே சீழ்க் காதுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஐந்து நாள் மாத்திரையும் “ஜி.எச். போய் காட்டுங்க” என்ற வாக்கியமும்தான். காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவியான ஆட்டோஸ்கோப் இருக்கிறது. பீரோவில், டப்பாவில், பத்திரமாக இருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. பேட்டரி இல்லை. ஓர் இடத்தில் உள்ளே இருந்த பேட்டரி கசிந்து கருவியோடு ஒட்டிப் போயிருந்தது. மருத்துவ அலுவலரான தம்பி வெட்கப்பட்டார். அவருக்கு ஒரு நாளில் முந்நூறு பேர், சர்க்கரையும் பிரஷரும் பிரசவமும். காதைப் பார்க்க நேரமில்லை என்றால் நான் நம்புகிறேன். ஆனால் பார்க்காமலே மாத்திரை எழுதும் அரை நிமிடத்தில் பார்த்துவிடவும் முடியும்.

எனக்கு வேண்டியது புதுத் திட்டமோ, திட்டத்துக்கு ஒரு பெயரோ, தொடக்க விழாவோ அல்ல. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக ஏறி இறங்கும் பெண்கள் இருக்கிறார்கள். பிரஷர் பார்க்கப் போகும் வீட்டிலேயே, “இங்க யாருக்காவது காது ஒழுவுதா?” என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும். தானாக யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டால் சொல்வார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துச் சொல்வார்கள். பள்ளிக்குப் போகும் ஆர்.பி.எஸ்.கே. குழு, பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, இரண்டு மூன்று எண்களைக் கிசுகிசுப்பாகச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைக்கட்டும். கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஆசிரியரிடம் “சொன்னால் காதில் வாங்காத பிள்ளை யார்?” என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

சொட்டு மருந்து பற்றி ஒரு சின்ன விஷயம். சின்னதென்று ஒதுக்க வேண்டாம். நாங்கள் காதுக்குக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் பெரும்பாலும் கண் மருந்துப் புட்டியில்தான் வருகிறது. காதுக்கு அது முற்றிலும் சரியான மருந்து. ஆனால் புட்டியில் கண் படம் இருப்பதைப் பார்த்துவிட்டு, “காதுக்குப் போனா கண்ணு மருந்தக் குடுத்துட்டாங்க” என்று குப்பையில் போட்டவர்களை நான் அறிவேன். மருந்து கொள்முதலில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பெயரெடுத்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 முதல் நம்மிடம் இருக்கிறது. அவர்கள் கொள்முதல் செய்யும் புட்டியில் ஒரு காதுப் படத்தையும் அச்சடிக்கச் சொல்லுங்கள். விலை ஒரு டீ, ஒரு வடைக்குள் அடங்கும் மருந்து இது. படம் இல்லாததால் வீணாகிறது.

கடைசியாக, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருக்கும் என் தம்பி தங்கைகளைப் பற்றி. அவர்கள் கை நல்ல கை. ஆனால் வாரத்தில் அவர்களுக்கு அறுவை அரங்கில் காதுக்கென்று எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அரங்கு பிரசவத்துக்கும் விபத்துக்கும் போனது போக மிச்சம். மைக்ரோஸ்கோப் இருந்தால் டிரில் இல்லை, டிரில் இருந்தால் அதன் பர் முனை மழுங்கிப் போயிருக்கும், புது முனைக்கான கடிதம் போய்க்கொண்டிருக்கும். வாரம் ஒரு நாள் மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாம். அங்கே உட்கார்ந்து, சீழால் காது போனவருக்கு எத்தனை சதவீதம் போயிற்று என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டவன் நான். நாற்பது சதவீதம் வந்தால் அவருக்குப் பயன், முப்பத்தெட்டு என்றால் வெறுங்கை. இருபது வருடத்துக்கு முன் இந்தக் காதை ஒரு திரியும் ஒரு புட்டியும் காப்பாற்றியிருக்கும் என்று அந்தத் தாளில் எழுத இடமில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் வாரத்தில் ஒரு முழு நாள், காதுக்கு மட்டும், வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காத அரங்கு நாள் வேண்டும். காத்திருப்போர் பட்டியல் எழுத்தில் இருக்க வேண்டும். “பெரியவனாகட்டும்” என்று சொல்லி அனுப்பிய பிள்ளை பெரியவனானதும் கூப்பிட்டு அனுப்ப அந்தப் பட்டியல் இல்லாமல் முடியாது. எனக்கு அது தெரியும்.

என் துறையினரிடமும் ஒரு வார்த்தை, இந்த மடல் அவர்கள் கண்ணிலும் படும் என்பதால். மாநாட்டுக்கு மாநாடு எண்டாஸ்கோப், குறட்டை, காக்ளியர் என்று பேசுகிறோம். சீழ்க் காது பற்றிய அமர்வைக் காலை ஒன்பது மணிக்கு வைக்கிறோம், நாற்காலிகள் காலியாக இருக்கும். நாறுகிறவர்கள் ஏழைகள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

செயலாளர் அவர்களே, நீங்கள் பதில் எழுத வேண்டும் என்பதில்லை. செவ்வாயும் வியாழனும் நான் சும்மா இருக்கிறேன். என் நெற்றிக் கண்ணாடி இன்னும் பளபளப்பாக இருக்கிறது, ஒரு விளக்கும் சொந்தமாக உண்டு. எந்த வட்டாரமானாலும், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் அறையும் பத்துச் செவிலியர்களும் கொடுத்தால், காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் திரி முறுக்கவும் வைக்கவும், ஓட்டை நடுவிலா ஓரத்திலா என்று பார்க்கவும், நாறினால் அன்றைக்கே மேலே அனுப்பவும் கற்றுக்கொடுத்துவிடுவேன். பஸ் காசுகூட வேண்டாம். பேட்டரி நானே வாங்கிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர்

பி.கு.: சவ்வாது மலைப் பையனுக்கு இப்போது இருபதைத் தாண்டியிருக்கும். போன தை மாதம் அவன் அப்பாவை மலைச் சந்தையில் பார்த்தேன். காது இன்னும் ஒழுகுகிறதாம். ஊருக்கு வந்தால் அனுப்பி வையுங்கள் என்று வீட்டு முகவரி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.